செய்தி தப்பென்றால் காசு வாபஸ்

உலகத்தில் எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு, இருந்த வீட்டை விற்றவர்கள் உண்டு. ஆனால் தான் போட்ட செய்தி தப்பாகிவிட்டது என்பதற்காக வீடு வீடாக ஏறி இறங்கி, வாசகர் கையில் ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த ஆசிரியர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் புனேவில், ஹடப்சரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். முகத்துக்கு நேரே 'ஐயா' என்போம். அவர் தலை மறைந்ததும் 'வாபஸ்' என்போம். அவருடைய உண்மையான பெயர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

நான் கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். வந்த இரண்டாவது வாரமே வாசலில் ஒரு லூனா மொபெட் வந்து நின்றது. ஒல்லியான மனிதர், முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா.

"புச்சா வந்துகிறீங்களாம்மா? 'பூனா மடல்'னு நம்ம பத்திரிகை. நாலு பக்கம், வாரத்துக்கு ஒரு ரூபா. செய்தி தப்புன்னா காசு வாபஸ்."

"பத்திரிகைக்குமா வாபஸ்?"

"ஏம்மா, மிக்ஸி ஓடலன்னா கடையில திருப்பிக் குடுக்குற இல்ல? செய்தி மட்டும் இன்னா ஒசத்தி?"

வேலூர்க்காரர். ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டுக்குள்ளே போகும் ஏதோ ஒரு திருகாணியை அளந்து பார்த்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. அவர் 'சரி' போட்ட திருகாணிகளை விடப் பெருக்கல் போட்டவை அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் இனி எதற்குப் பெருக்கல் போடுவது என்று யோசித்திருக்கிறார். புனேவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ச் செய்தி சொல்ல யாரும் இல்லை என்று தெரிந்ததும் பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். தமிழ் அச்சகம் பக்கத்தில் கிடையாது. அவரே ஸ்டென்சிலில் முத்து முத்தாக எழுதி, உருட்டிப் பிரதி எடுத்து, லூனாவில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

ஐயாவிடம் ஒரு செய்தியைச் சொல்வது போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதற்குச் சமம். "யார் சொன்னது? நீ பாத்தியா? இன்னொருத்தர் பேரு சொல்லு." மூன்று பேர் சொன்னாலும் போதாது, அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தடவை ஊரெல்லாம் உப்பு கிடைக்கப்போவதில்லை என்று புரளி கிளம்பியது. ஜனங்கள் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போனார்கள். ஐயா லூனாவை எடுத்துக்கொண்டு ஹடப்சரிலிருந்து விமான் நகர் வரைக்கும் பதினோரு கடை ஏறினார். கடைக்காரர் 'இருக்கு' என்று சொன்னால் அது செய்தி ஆகாதாம். ஒவ்வொரு கடையிலும் இரண்டு கிலோ வாங்கிப் பார்த்தார். அந்த வார மடலில் முதல் பக்கத்தில் ஒரே வரி: 'பதினோரு கடைகளிலும் உப்பு கிடைக்கிறது. வாங்கிப் பார்த்தோம்.'

இருபத்திரண்டு கிலோ உப்பை வைத்துக்கொண்டு அவர் மனைவி என்ன செய்வார் பாவம். அந்த அம்மாவுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம்.

"ஊருக்கெல்லாம் உப்பு இருக்குன்னு எழுதிட்டாரு. என் வீட்ல உப்பு மட்டும்தான் இருக்குன்னு எழுத ஒருத்தனும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே மாங்காய் வாங்கி ஊறுகாய் போட ஆரம்பித்தார். அது விற்ற விற்பனையைப் பார்த்துவிட்டு அடுத்த வருடமும் போட்டார். இங்கேதான் நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பூனா மடல் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது ஆசிரியரின் திறமையால் மட்டும் இல்லை. பத்திரிகையில் வந்த நஷ்டத்தை ஊறுகாய்தான் அடைத்தது.

விளம்பரம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் 'எங்கள் புடவை சாயமே போகாது' என்று அரைப்பக்கம் கொடுத்தார். விளம்பரமும் பத்திரிகையில் வருவதுதானே, ஆகவே அதுவும் செய்திதான் என்பது ஐயாவின் கட்சி. கடைக்குப் போய் ஒரு கத்தரிப்பூப் புடவையை வாங்கி வந்து வாளியில் முக்கினார். வாளித் தண்ணீர் கத்தரிப்பூ நிறம் ஆனது. விளம்பரக் காசை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, 'சாயம் போகிறது' என்று மறு வாரம் செய்தி போட்டார். அதற்குப் பிறகு மடலுக்கு விளம்பரம் கொடுக்க யாருக்கும் நெஞ்சுரம் வரவில்லை. கிரைண்டர் ரிப்பேர் செய்யும் ஒருவர் மட்டும் வருடா வருடம் கொடுத்தார். அவர் உண்மையிலேயே நன்றாக ரிப்பேர் செய்வார்.

இத்தனை செய்தும் தப்பு வரத்தான் செய்யும். வந்தால் அன்றைக்குத் தெருவே வேடிக்கை பார்க்கும். ஐயா துணிப்பையில் ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டுக்கொண்டு வருவார். காசைக் கையில் கொடுப்பார். பிறகு நம்மிடம் இருக்கும் பிரதியை வாங்கி, தப்பைச் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே சரியானதை எழுதிவிட்டுத்தான் போவார். ஒரு முறை ஒரு பையன் பரீட்சையில் முதல் வகுப்பு என்று போட்டுவிட்டார், அவன் வாங்கியது இரண்டாம் வகுப்பு. பையனுடைய அப்பா கையைப் பிடித்துக் கெஞ்சினார். "ஐயா, ஊர்ல எல்லாரும் படிச்சிட்டாங்க, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே." ஐயா அவர் வீட்டுப் பிரதியைத்தான் முதலில் திருத்தினார்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த இதழை நான் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன்.

"எந்தப் பேப்பர்காரன்?"

"தெரியலைங்க. விடுங்களேன், அது எங்கேயோ போயிருக்கும்."

"எங்கியோ போனதுதாம்மா ஆபத்து" என்றவர், பேப்பர்காரரைத் தேடிப் பிடித்து, அவர் காகிதத்தை விற்ற வடாபாவ் வண்டியையும் தேடிப் பிடித்துவிட்டார். அங்கே கூலி வேலை பார்க்கும் ஒரு மராட்டிக்காரர் கையில், சூடான வடாவுக்கு அடியில், எங்கள் பூனா மடல். ஐயா அந்த எண்ணெய்க் காகிதத்தில் 'முதல்' என்பதை அடித்து 'இரண்டாம்' என்று எழுதி, அவரிடம் ஒரு ரூபாயும் கொடுத்து, கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த மனிதர் நாளைக்கும் இவர் வருவாரா என்று வண்டிக்காரரிடம் மராட்டியில் விசாரித்தாராம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு என் சிரிப்பு நின்றது.

என் வீட்டுக்காரருக்கு அப்போது ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் காலையில் ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு ரஞ்சன்காவ் போகும் அகமத்நகர் ரோட்டில் கம்பெனி பஸ் கவிழ்ந்துவிட்டது என்று உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்து ஓடியது. பக்கத்து வீட்டில் எட்டுப் பேர் என்றார்கள். எதிர் வீட்டில் இருபது பேர் என்றார்கள். தொழிற்சாலை போன் எடுக்கவே இல்லை. என் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஐயா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ஐயா எழுதிக்கொண்டிருந்த ஸ்டென்சிலை அப்படியே விட்டு எழுந்தார். "யாரும்மா சொன்னது? யாரு பாத்தது?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றேன். "அப்போ அது இன்னும் செய்தி இல்ல. நான் பாத்துட்டு வர்ற வரைக்கும் அழாத" என்று சொல்லிவிட்டு லூனாவை உதைத்தார். ரஞ்சன்காவுக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஐயாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது.

மூன்று மணி இருக்கும். கீழ்வீட்டு மராட்டி அம்மா ஜோஷி காக்குவின் போன் அடித்தது. அவர் கத்திக் கூப்பிட்டதும் எப்படிப் படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"நான்தாம்மா. ரஞ்சன்காவ் எஸ்டிடி பூத்துலருந்து பேசுறேன். ஷிக்ராபூர் தாண்டிக் கவுந்தது வெங்காய லாரி. டிரைவருக்குக் கையில சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல, நானே பாத்தேன். உன் வீட்டுக்காரரு கேன்டீன்ல ரசம் சரியில்லன்னு சண்டை போட்டுகினு இருந்தாரு. இழுத்துகினு வந்துட்டேன். பேசச் சொல்றேன். குரலு அவுருதுதானான்னு சரி பாரு, அப்புறமா எழுதிக்கிறேன்."

"என்னடி, இந்த மனுஷன் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. நான் இன்னும் மோரே ஊத்திக்கலை" என்றது என் வீட்டுக்காரர் குரல். அவர்தான். நான் அந்த போனைக் காதிலிருந்து எடுக்காமல் அழுதுகொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் பில் ஏறிக்கொண்டிருக்கும் என்றுகூடத் தோன்றவில்லை.

இரண்டாயிரம் பிறந்தது. மடலின் விலை இரண்டு ரூபாய் ஆயிற்று, வாசகர்கள் குறைந்தார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வந்தது, படிக்க வரவில்லை. விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "ஐயா, ஈமெயில்ல அனுப்பிடலாம், பைசா செலவில்ல" என்றான். ஐயா யோசித்துவிட்டு, "அனுப்பலாம் தம்பி. தப்பாயிட்டா திருத்தறதுக்கு எந்த வூட்டுக்குப் போவறது?" என்று கேட்டார். நாளைக்கு மடலை யார் படிப்பார்கள், யார் காசு கொடுப்பார்கள் என்ற கவலை அவருக்கும் இருந்தது. அதற்காக முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களிடம் வருடச் சந்தா முன்கூட்டியே வாங்கி, அந்தப் பணத்தில் ஒரு பழைய நகலெடுக்கும் மெஷினை வாங்கிப் போட்டார். மிச்சம் காகிதத்துக்கு. ஒரு நிபந்தனையை மட்டும் முதல் பக்கத்தின் தலையிலேயே அச்சடித்தார்: 'விசேஷத்தின் தேதி தப்பினால் வருடச் சந்தா முழுவதும் வாபஸ்.'

தேதி விஷயத்தில் அவருக்கு ஒரு பழைய வலி. ஆரம்ப காலத்தில் ஒரு கல்யாணத் தேதியை மாற்றிப் போட்டுவிட்டார். ஒரு குடும்பம் பரிசுப் பெட்டியோடு, பட்டுப் பாவாடை கட்டிய குழந்தைகளோடு மறுநாள் போய் இறங்கியது. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஐயாவின் குரல் இறங்கிவிடும்.

அந்த வருடம் பொங்கல் விழா ஏற்பாடு எங்கள் மகளிர் குழுவிடம் வந்தது. மராட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றின் மைதானம். முதலில் சனிக்கிழமை என்று பேசினோம். சனிக்கிழமை பாதி நாள் பள்ளி உண்டு என்று தலைமையாசிரியர் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றினோம். ஐயா வந்து கேட்டபோது நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பொங்க விழா என்னிக்கிம்மா?"

"சனிக்கிழமைங்க."

வழக்கமாக அடுத்து வரும் கேள்விகளுக்காகக் காத்திருந்தேன். அவர் நோட்டை மூடிவிட்டார். "இன்னொருத்தர் பேரு கேக்கலையே ஐயா?" என்றேன். "நீ சொன்னா போதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. எதிர் வீட்டில் சொன்னேன், கீழ்வீட்டில் சொன்னேன், என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

புதன்கிழமை மடல் வந்தது. முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, 'பொங்கல் விழா, சனிக்கிழமை'. மேலே, தலையில், அந்த நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐயாவிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். 'நீ மாத்திச் சொன்னது உன் தப்பு, விசாரிக்காம போட்டது என் தப்பு' என்று சொல்லிவிட்டு, மெஷினை விற்று, முந்நூறு வீட்டுக்கும் சந்தாவைத் திருப்பிக் கொடுப்பார். அத்தோடு மடல் முடிந்தது. என் வாயால் முடிந்தது.

குழுவில் இருந்த ஆறு பெண்களையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். கிரைண்டர் ரிப்பேர்க்காரரின் மனைவிதான் வாயைத் திறந்தார். "பேப்பர்ல வந்ததை மாத்த முடியாது. பொங்கலை மாத்தலாம்ல?"

மாற்றினோம். மூன்று நாள். நானும் இன்னொருத்தியும் தலைமையாசிரியரிடம் போய் அரைகுறை மராட்டியில் மன்றாடினோம். அவர் பள்ளி இருக்கிறதே என்றார். பிள்ளைகளுக்கெல்லாம் நாங்களே முதலில் பொங்கல் போடுகிறோம் என்றோம். "காஹீ ஹர்கத் நாஹீ" என்று தலையை ஆட்டினார். அவருக்கு ஆட்சேபம் இல்லை. சமையல்காரருக்குத்தான் இருந்தது, அவர் சனிக்கிழமை இன்னொரு இடத்தில் ஒத்துக்கொண்டிருந்தார். ஐயாவின் பெயரைச் சொன்னதும், தன் தம்பியை அங்கே அனுப்பிவிட்டு இங்கே வந்தார். விமான் நகர்த் தம்பி ஞாயிறு என்று கேள்விப்பட்டிருந்த நூறு பேரைத் தன் ஆபீஸ் போனிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னான். பேனரில் 'ஞாயிறு' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, அதன் மேல் கரும்புப் படம் ஒன்றை ஒட்டினோம். பந்தல் துணி கேட்டு ஜவுளிக்கடைக்காரரிடம் பயந்துகொண்டே போனேன். அவருடைய கத்தரிப்பூச் சாயம்தானே ஊர் முழுக்க நாறியது.

"எடுத்துட்டுப் போங்கம்மா. அந்த ஆளு எழுதினப்புறம்தான் நான் புடவையை முக்கிப் பாத்துக் கொள்முதல் பண்ணவே ஆரம்பிச்சேன்" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் மட்டும் முரண்டு பிடித்தார். "தப்புன்னா அடுத்த வாரம் திருத்தம் போட்டுக்கட்டும். அதுக்கு நான் ஏன் சனிக்கிழமை லீவு போடணும்?"

"ரசத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தவரைத் தேடிக்கிட்டு அம்பது கிலோமீட்டர் லூனாவுல யார் வந்தது?" என்றேன். அவர் லீவு எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளி மணி அடித்தது. இருநூறு மராட்டிப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலை ஒரு கை பார்த்தார்கள். பிறகு எங்கள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு குடும்பம்கூடப் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்தார்கள். ஐயாவும் மனைவியோடு வந்தார். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றினார். பேனருக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். கரும்புப் படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் எங்கள் காலிங்பெல் அடித்தது. வாசலில் ஐயா, கையில் அந்தத் துணிப்பை.

"முப்பது வூடு ஏறி எறங்கிட்டேம்மா. சந்தாவை வாபஸ் வாங்க ஒருத்தரும் கை நீட்ட மாட்டேங்கிறாங்க. எல்லாரும் ஒரே பாட்டு பாடறாங்க. சனிக்கிழமைன்னு போட்டீங்க, சனிக்கிழமைதானே நடந்துச்சின்னு."

நானும் அதையே சொல்லத்தான் தயாராக இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஐயா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"தெரியும். வியாழக்கிழமையே தெரியும். மனசு கேக்கல, பள்ளிக்கூடத்துல போய் விசாரிச்சேன். 'ஞாயிறுதான் இருந்துச்சி, நேத்து வந்து ரெண்டு பொம்பளைங்க மாத்திட்டாங்க'ன்னு ஹெட்மாஸ்டரு சொன்னாரு."

"அப்புறம் ஏன் ஐயா எங்களைத் தடுக்கலை?"

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், திறந்தார், மூடினார். "ஆயுசுல ஒரே ஒரு தபா விசாரிக்காம நம்பிட்டேம்மா. முந்நூறு குடும்பம் சேந்து அதை நெசமாக்கிட்டாங்க. இதுக்குப் பெருக்கல் போடறதா, சரி போடறதா? எனக்கு அளந்து பாக்கத் தெரியல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்த மாதம் மடலுக்குப் புதிதாக நாற்பது சந்தா வந்தது. ஒன்று அந்த மராட்டித் தலைமையாசிரியருடையது. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. இவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும், அதற்குக் காசு கொடுக்கலாம் என்று சொல்லிக் கட்டினாராம். இரண்டு பேர் மட்டும் விளம்பரம் கொடுத்தார்கள், அதில் ஒருவர் ஜவுளிக்கடைக்காரர். ஐயா இந்தத் தடவையும் புடவையை வாளியில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். அதற்குப் பிறகு ஏழு வருடம், ஐயாவின் கண் ஒத்துழைத்த வரைக்கும், மடல் வந்தது. என்னிடம் செய்தி கேட்க வரும்போது மட்டும், "இன்னொருத்தர் பேரு சொல்லு" என்று தவறாமல் கேட்டார். அதுவும் நியாயம்தான்.

விழாவுக்கு அடுத்த இதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போடாத ஒரே இதழ் அது. கடைசிப் பக்கத்தில், வழக்கமாகத் திருத்தம் வரும் இடத்தில், அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'சென்ற இதழில் பொங்கல் விழா சனிக்கிழமை என்று தவறாக வந்திருந்தது. தவறை வாசகர்கள் சரிசெய்துவிட்டார்கள். இதற்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.'

எனக்கும் தெரியவில்லை, ஐயா. ரஞ்சன்காவிலிருந்து வந்த அந்த ஒரு போனுக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று நானும் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.